பழைய மலைவீட்டுக்குப் புது வயரிங்: சுவரை வெட்டுவதா, வெளியே ஓட்டுவதா, கலந்து செய்வதா?

போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு நாள், குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு மேலே இருக்கும் ஒரு வீட்டுக்கு வயரிங் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று தளம், பதினான்கு அறை, இரண்டடிக் கருங்கல் சுவர், மேலே மர மச்சு. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான வீடு. கீழ்த்தளத்துக் குளியலறையில் குழாயைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்பது புகார். வீடு முழுக்க வயரிங்கை மாற்றிவிடுவது என்பதில் இருவருக்கும் ஒரே மனம். எப்படி மாற்றுவது என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. தம்பிக்குச் சுவரில் ஒரு பைப்கூட வெளியே தெரியக் கூடாது. அண்ணனுக்குத் தாத்தா கட்டிய சுவரில் உளி வைக்க மனம் வரவில்லை. "தம்பி, நீங்க எத்தனையோ வீடு பார்த்திருப்பீங்க, எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார் பெரியவரான அண்ணன், என்னிடம்.

கோத்தகிரி, உதகை, கொடைக்கானல் என்று எங்கே பழைய மாடி வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. அன்று அவர்களுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைவீட்டில் வயரிங் வகையை வீட்டுக்கு ஒன்று என்று தேர்ந்தெடுக்கக் கூடாது, சுவருக்குச் சுவர் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் மெயினிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் போகும் நடுத்தண்டு மட்டும் ஒரே திட்டத்தில், ஒரே தடவையில் போட்டு முடிக்க வேண்டியது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்த வீடுகளில்தான் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் சுவர். வெளிச்சுவர் கருங்கல்லும் சுண்ணாம்பும், உள்சுவர் செங்கல், பின்னாளில் சேர்த்த அறைகளில் சிமெண்ட் பூச்சு, மாடியில் மரப்பலகைத் தடுப்பு என்று ஒரே வீட்டில் நான்கு வகை இருக்கும். எஸ்டிமேட் கேட்பதற்கு முன்னால் ஒவ்வொரு அறையிலும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, எது எந்தச் சுவர் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலைதான். முடிவில் பாதி அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

இரண்டாவது ஈரம். சரிவில் கட்டிய வீட்டில் சாலை நடுத்தளத்துக்கு வந்து சேரும். மீட்டரும் அங்கேதான் இருக்கும். அதற்குக் கீழே இருக்கும் தளத்தின் ஒரு பக்கச் சுவர் மலைமண்ணை ஒட்டி நிற்கும். அந்தச் சுவர் வருஷத்தில் பல மாதம் ஈரம் குடித்தபடியே இருக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை பெரிது. உதகை, கூடலூர் பக்கம் ஆனி ஆடி மழை பெரிது. உங்கள் ஊருக்கு எது பெருமழையோ அந்த மாதத்தில் ஒரு தடவை வீட்டுக்குள் சுற்றிப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மூன்றாவது லோடு. பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932-இல். அந்தக் காலத்து மலைவீட்டு வயரிங், விளக்குக்கும் ரேடியோவுக்கும் கணக்குப் பண்ணிப் போட்டது. இன்றைக்கு மார்கழிக் காலை ஆறு மணியை நினைத்துப் பாருங்கள். 2 கிலோவாட் கீசர் மூன்று, 2 கிலோவாட் ரூம் ஹீட்டர் மூன்று, ஆறும் ஒரே நேரத்தில் ஓடினால் 12 கிலோவாட். சிங்கிள் ஃபேஸில் அது கிட்டத்தட்ட 52 ஆம்பியர். மூன்று ஃபேஸுக்குச் சமமாகப் பிரித்தால் ஃபேஸுக்கு 17 ஆம்பியர்தான். சமவெளி வீட்டுக்கு ஏ.சி. எப்படியோ அப்படி மலைவீட்டுக்கு ஹீட்டர். எலக்ட்ரீஷியன் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் என்றால் இதை அவருக்கு நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே மார்கழியிலும் மின்விசிறி ஓடும்.

வயர் கனமும் இதில்தான் வருகிறது. போர்டிலிருந்து 25 மீட்டர் தள்ளி மேல்தளத்தில் ஒரு 2 கிலோவாட் ஹீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு 1 ஸ்கொயர் (1 சதுர மி.மீ. கனம்) வயர் போனால், வயரிலேயே கிட்டத்தட்ட 80 வாட் சூடாகப் போகும். பழைய குண்டு பல்பு ஒன்றை மச்சுப் பலகைக்குள் எரியவிட்டது போல. 2.5 ஸ்கொயர் போட்டால் 32 வாட் அளவுக்கு இறங்கும், 4 ஸ்கொயர் என்றால் 20. விளக்குக்கு 1.5, ஹீட்டர் கீசர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 2.5, தூரம் அதிகம் என்றால் 4 என்பது நான் விட்டுக்கொடுக்காத கணக்கு.

மற்றவை சுலபம். பிற்காலத்தில் பழுது பார்க்க முடியுமா, வேலை நடக்கும்போது வீட்டில் குடியிருக்க முடியுமா, செலவு எங்கே ஒளிந்திருக்கிறது. இவற்றை ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே சொல்கிறேன்.

வழி ஒன்று: மெயினையும் டி.பி.யையும் மட்டும் மாற்றுவது

கையில் பணம் குறைவாக இருக்கும்போது எல்லோருக்கும் இதுதான் முதலில் தோன்றும். பழைய பீங்கான் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எம்.சி.பி. (லோடு மீறினால் விழும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் விழும் சுவிட்ச்) வைத்த புது டி.பி. (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), புது சுவிட்சுகள். இரண்டு மூன்று நாளில் வேலை முடியும், சுவர் அப்படியே இருக்கும்.

உள்ளே ஓடுவது எந்த வயர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 3/20, 7/20 என்று கேஜ் கணக்கில் பேசிய காலத்து ரப்பர் வயர், தேக்குப் பட்டியின் மேல் கிளிப் அடித்து ஓடுகிறது என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். அந்த ரப்பர், கை பட்டாலே பொடியாக உதிரும். புது சுவிட்ச் மாட்ட வயரைக் கொஞ்சம் வளைத்தால் போதும், செம்பு வெளியே தெரிந்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தக் காலத்தில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் சேர்த்தே ஃபியூஸ் வைத்தார்கள். நியூட்ரல் ஃபியூஸ் போனால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும், தொட்டால் அடிக்கும்.

மறைந்திருக்கும் செலவு மழைக்காலத்தில் வெளிப்படும். இற்றுப்போன வயர் ஈரத்தில் கசியக் கசிய ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். நடு இரவில் நான்கு தடவை போய்த் தூக்கிவிட்டவர், ஐந்தாம் தடவை யாரையாவது கூப்பிட்டு அதை பைபாஸ் செய்யச் சொல்வார். உயிர்காக்க வாங்கி வைத்த பொருள் பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட டி.பி.யை எத்தனையோ வீடுகளில் திறந்து பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனம் பதறுகிறது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? உள்ளே பி.வி.சி. வயர், கூடவே தனி எர்த் வயர், பெருமழை நாளில் 500 வோல்ட் மெக்கர் (வயர் உறையின் காப்பை, அதாவது இன்சுலேஷனை, அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு சர்க்யூட்டும் 1 மெகாஓமுக்கு மேல் காட்டுகிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். வெயில் காலத்து ரீடிங்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். இன்சுலேஷனை மழையில் அளக்க வேண்டும்.

வழி இரண்டு: முழுக் கன்சீல்டு

தம்பி கேட்டது இது. சமவெளியில் புது வீட்டுக்கு இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. செங்கல் சுவர், காடி (பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டு, பைப் பதி, பூசு, பெயிண்ட் அடி. கண்ணுக்கு இதை விடச் சுத்தமான வேலை கிடையாது. எலி கடிக்காது, குழந்தை இழுக்காது.

கருங்கல் சுவரில் அதே வேலை வேறு மாதிரிப் போகிறது. இங்கே கல்லும் கல்லும் ஒழுங்கான வரிசையில் இல்லை. சுண்ணாம்புச் சாந்தில் பெரிதும் சிறிதுமாக அடுக்கி, நடுவே சல்லிக்கல் திணித்திருப்பார்கள். கட்டர் ஒரு கல்லின் மேல் ஓடும்போது அடுத்த கல் அசைந்து, சாந்து உதிர்ந்து, ஒன்றரை அங்குலக் காடி வெட்ட நினைத்த இடத்தில் ஒரு முழக் குழி விழும். சுவரின் பலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. மேலிருந்து கீழாக வெட்டும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, குறுக்குக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டடிச் சுவரில் அது நிறைய இடம்தானே என்று தோன்றும். சல்லிக்கல் நிரப்பிய சுவரில் வெளி அடுக்குதான் சுமை தாங்குகிறது. அதனால் இங்கே குறுக்குக் காடி வெட்ட நான் சம்மதிப்பதே இல்லை. ஜன்னலுக்கு மேலேயும், உத்திரம் உட்காரும் இடத்துக்குக் கீழேயும் உளி படவே கூடாது.

அடுத்தது மூடும் வேலை. சுண்ணாம்புச் சுவரில் வெட்டிய காடியை சிமெண்ட் வைத்து மூடினால் அந்த வருஷமே கோடு கோடாக வெடிப்பு வரும், இரண்டு பக்கமும் ஈரம் தேங்கும். சுண்ணாம்பு வைத்தே மூட வேண்டும், அது காய வாரக்கணக்கில் ஆகும், குளிரில் இன்னும் தாமதம். நல்ல சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் இப்போது மலையில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். பதினான்கு அறைக்கும் அவர் கிடைப்பாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கீழ்த்தளத்தில் மண்ணை ஒட்டிய சுவருக்குள் பைப் பதிப்பது, ஈரத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொடுப்பது. ஹீட்டர் போட்ட அறையின் வெதுவெதுப்பான காற்று பைப்புக்குள் போய், குளிர்ந்த சுவர்ப் பகுதியில் நீராக மாறி, கடைசியில் சுவிட்ச் பாக்ஸில் சொட்டும். இரும்பு பாக்ஸ் இரண்டே மழையில் துருப்பிடிக்கும். வெளியிலிருந்து ஒழுகவில்லை, குழாய் உடையவில்லை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்காரர் தவிப்பார்.

வேலை நடக்கும்போது அந்தத் தளத்தில் யாரும் இருக்க முடியாது. பழைய சுண்ணாம்புத் தூசி பீரோவுக்குள்ளும் போகும். இதையெல்லாம் தாண்டியும் இது சரியாக அமையும் இடங்கள் உண்டு. செங்கல் உள்சுவர், பிற்காலத்தில் சிமெண்டில் கட்டிய அறைகள், எப்படியும் பூச்சை உரித்துப் புதிதாகப் பூசப் போகும் சமையலறை, குளியலறை. அங்கே கன்சீல்டு போடாமல் விடுவதுதான் தப்பு.

வழி மூன்று: முழு ஓப்பன்

சுவருக்கு மேலே பி.வி.சி. பைப்பை சேடில் (பைப்பைப் பிடிக்கும் கிளிப்) அடித்து ஓட்டுவது, அல்லது கேசிங் கேப்பிங் (மூடி போட்ட பட்டைக் குழாய்). அண்ணன் கேட்டது. ஈரச் சுவருக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. சேடிலுக்கு அடியில் சின்னக் கட்டை வைத்துப் பைப்பைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் பின்னால் காற்று ஓடும். ஒரு இடத்தில் பழுது என்றால் அந்த இடத்தை மட்டும் கழற்றலாம். ஒரு அறை முடிய இரண்டு நாள், வீட்டில் இருந்தபடியே செய்துகொள்ளலாம்.

அழகு இல்லை என்பது பெரிய குறை. கதவுச் சட்டம், உத்திரத்தின் ஓரம், தரையோரப் பலகை என்று ஏற்கெனவே கோடு இருக்கும் இடத்தை ஒட்டி ஓட்டி, சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தால் கண் அதைத் தேடிப் போகாது. நேர்க்கோடு பிடிக்கத் தெரிந்த கை வேண்டும், அவ்வளவுதான். கேசிங் கேப்பிங்கை விட வட்டப் பைப்பையே நான் சொல்வேன். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டுக் கேப்பிங்கின் மூடி மூலைகளில் விலகிவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு ஸ்க்ரூவில். சுண்ணாம்புப் பூச்சில் பிளக் நிற்காது, கல்லிலேயே துளை போட வேண்டும். ஒரு நாளில் டிரில் பிட் எத்தனை தேய்கிறது என்பதைக் கல்தான் முடிவு செய்யும். மர மச்சுக்குள்ளோ மரத்தடுப்பின் மேலோ போகும் இடத்தில் பி.வி.சி. பைப்பை நிறுத்தி, இரும்புப் பைப்புக்கு மாறிவிடுங்கள். மச்சில் எலி இருக்கும், அங்கே இருப்பதெல்லாம் காய்ந்த மரம்.

வழி நான்கு: கலப்பு

நடுத்தண்டு ஒன்று, அதிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் அந்தந்தச் சுவருக்கு ஏற்ற வழி. பழைய மலைவீட்டுக்கு நான் பெரும்பாலும் சொல்வது இதுதான்.

நடுத்தண்டுக்கு இடம் தேடுவது இந்த வேலையிலேயே ருசியான பகுதி. மூன்று தளத்திலும் ஒன்றின் மேல் ஒன்றாக வரும் ஒரு மூலை வேண்டும். படிக்கட்டு ஓரம், சுவர் அலமாரி, சாமான் அறை. சிலர் பழைய கணப்பின் புகைப்போக்கியைக் காட்டி, மேலேயிருந்து கீழே வரை காலியாகத்தானே இருக்கிறது என்பார்கள். வேண்டாம். உள்ளே புகைக்கரியும் மழைநீரும் சேர்ந்து எதையும் அரிக்கும். என்றைக்காவது வீட்டுக்கு வந்த விருந்தாளி கணப்பில் விறகைப் போட்டுப் பற்றவைத்தால் அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

அந்த மூலையில் 50 மி.மீ. பைப் இரண்டு: ஒன்று மின்சாரத்துக்கு, மற்றது இன்டர்நெட், கேமரா, அழைப்புமணிக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது. மூன்றாவதாக ஒரு பைப்பைக் காலியாக விடுங்கள். நாளைக்கு வாசலில் மின்சாரக் கார் சார்ஜர் என்று வந்தால் அதுவே 32 ஆம்பியர், அதாவது 7 கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். பைப் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் இடைவெளியைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் கீழே பிடித்த தீக்கு அதுவே ஏணி.

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு டி.பி., ஒரு ஃபேஸ், 10 ஸ்கொயர் வயர். நடுத்தளத்தில் இரண்டு கீசரும் ஒரு ஹீட்டரும் ஒன்றாக ஓடினாலும் 26 ஆம்பியர்தான், தாங்கும். தளத்துக்கு ஒரு ஃபேஸ் என்று வைத்தால் ஒரே சுவிட்ச் போர்டுக்குள் இரண்டு ஃபேஸ் சந்திக்காது. சந்தித்தால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது 400 வோல்ட்டுக்கு மேல். ஒரு குறை உண்டு. ஒரு ஃபேஸ் போனால் ஒரு தளம் முழுக்க இருட்டு. மெயினில் ஃபேஸ் செலக்டர் வைத்துக்கொள்ளலாம், மாற்றிப் போடும்போது ஹீட்டர்களை அணைத்துவிட வேண்டும்.

அப்புறம் சுவர். மண்ணை ஒட்டிய கீழ்த்தளச் சுவர்களில் ஓப்பன். செங்கல் உள்சுவரிலும் புதுப்பிக்கும் குளியலறையிலும் கன்சீல்டு. மச்சு இருக்கும் அறைகளுக்குப் பலகைக்கு மேலே இரும்புப் பைப், கருங்கல் சுவரில் சுவிட்சுக்கு மட்டும் கதவோரமாக ஒரே ஒரு நேர் இறக்கம். சுவரில் குறுக்குக்கோடே வராது.

இதற்கும் செலவு உண்டு. நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும், எலக்ட்ரீஷியனும் நின்று யோசிக்கிறவராக இருக்க வேண்டும். பாயிண்ட் கணக்கில் வேகமாக முடித்துப் போகிறவரிடம் இதைக் கொடுத்தால் எல்லாச் சுவரையும் ஒரே மாதிரி செய்துவிட்டுப் போவார். எந்தப் பைப் எங்கே போகிறது என்று வரைபடமும், மூடுவதற்கு முன் எடுத்த போட்டோவும் இல்லாமல் கலப்பு வயரிங்கை ஒப்படைக்க விடாதீர்கள். பத்து வருஷம் கழித்து வருகிறவருக்கு அதுதான் கண்.

ஒரு பார்வையில்

| எதைப் பார்ப்பது | மெயின் மட்டும் | முழுக் கன்சீல்டு | முழு ஓப்பன் | கலப்பு |
|---|---|---|---|---|
| கருங்கல் சுவர் | தொல்லை இல்லை | சுவர் பலம் குறையும் | நல்லது, துளைதான் சிரமம் | நேர் இறக்கம் மட்டும் |
| மண்ணை ஒட்டிய ஈரச் சுவர் | பழைய வயரைப் பொறுத்தது | வேண்டாம் | மிக நல்லது | ஓப்பனாகவே |
| ஹீட்டர், கீசர் லோடு | பழைய வயர் தாங்காது | தாங்கும் | தாங்கும் | தாங்கும் |
| வீட்டில் குடியிருந்தபடி | முடியும் | முடியாது | முடியும் | தளம் தளமாக முடியும் |
| பிற்காலப் பழுது | கடினம் | கடினம் | சுலபம் | வரைபடம் இருந்தால் சுலபம் |
| தோற்றம் | இருந்தபடி | மிக நல்லது | கைத்திறனைப் பொறுத்தது | நல்லது |
| ஒளிந்திருக்கும் செலவு | அடிக்கடி டிரிப், பிறகு மறுவேலை | பூச்சு, பெயிண்ட், வேறு தங்குமிடம் | டிரில் பிட், பெயிண்ட் | திட்டமிடும் நேரம், மேற்பார்வை |

ஒரே மூச்சிலா, மாடி மாடியாகவா?

பணமும் மாற்று இடமும் இருந்தால் ஒரே மூச்சில் முடிப்பது நல்லது. பெரும்பாலானவர்களுக்கு அது அமையாது. மாடி மாடியாகச் செய்வதில் தப்பே இல்லை, ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: மெயின், எர்த், நடுத்தண்டு, மூன்று தளத்து டி.பி. ஆகியவை முதல் வருஷமே முடிந்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் மேல்தளத்தை முதலில் அழகாக முடித்துவிட்டு, கீழே வரும்போது கனமான வயர் போக வழியில்லாமல் முடித்த தளத்தையே மறுபடி உடைத்தவர்கள் உண்டு.

எந்தத் தளம் முதலில்? ஈரமான தளம். விருந்தாளி வரும் தளம் கடைசியில். தை முதல் பங்குனி வரை சுவர் காயும் காலம். சித்திரை வைகாசி சீசனில் தங்க இடமும் கிடைக்காது, வேலையாளும் கிடைக்க மாட்டார். சீசனுக்கு முன்னால் ஒரு தளத்தை மூடிவிடும்படி நாள் குறியுங்கள்.

எந்த வழியானாலும் விடக் கூடாதவை

முதலில் எர்த். அந்தக் குளியலறைக் குழாய்க்கு வருகிறேன். பழைய வீடுகளில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவது வழக்கம். இந்த வீட்டில் சில வருஷம் முன்பு குழாய் துருப்பிடித்தது என்று பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கே வீட்டின் எர்த் போய்விட்டது, யாருக்கும் தெரியவில்லை. கீசரில் கசிவு வந்ததும் அது போக வழியில்லாமல் குழாய் முனையில் வந்து நின்றது. உங்கள் வீட்டில் எப்போதாவது இரும்புக் குழாயை மாற்றியிருந்தால், இந்தக் கட்டுரையை முடித்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்யுங்கள்.

மலையில் எர்த் குழி ஆள் வைத்துத் தோண்டும் வேலை. மண் வெட்டும் இயந்திரத்தை இறக்க நீலகிரியில் நிர்வாக அனுமதி வேண்டும். உப்பும் கரியும் போடும் பழைய முறை சரிவில் நிலைக்காது, இரண்டு மழையில் உப்பு கரைந்து கீழே போய்விடும், போவதற்குள் இரும்பையும் அரித்துவிடும். பென்டோனைட் களிமண் நிரப்புவது மேல். பாறை தட்டினால் ஐந்தாறு மீட்டர் தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைக்க வேண்டும். எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குக் கீழ் என்பது நான் வைக்கும் குறி. அதை எப்போது அளப்பது? இன்சுலேஷனுக்கு நேர் எதிராக, வெயிலில். ஐப்பசியில் எந்தக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும்.

ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு தளத்துக்கும் 30 மில்லிஆம்பியரில் ஒன்று, மெயினில் கொஞ்சம் தாமதித்து விழும் 100 அல்லது 300 மில்லி ஒன்று. அப்போதுதான் கீழே ஒரு கீசர் கசிந்தால் மூன்று தளமும் இருளாகாது. இதற்குப் படிக்கட்டு விளக்கை நினைவில் வையுங்கள். டூவே சுவிட்சுக்குக் கீழ்த்தளத்தில் ஃபேஸும் மேல்தளத்தில் நியூட்ரலும் எடுப்பது பழைய சிக்கன வழி. அப்படி இருந்தால் விளக்கைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழும். படிக்கட்டுக்குத் தனி சர்க்யூட் கொடுத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் நியூட்ரலும் இதே மாதிரிதான், எதனோடும் கலக்கக் கூடாது.

மூன்று ஃபேஸ் வாங்கும் வீட்டுக்கு இன்னும் ஒன்று. காற்று மழையில் கற்பூர மரமும் சீகை மரமும் லைன் மேல் விழுவது நமக்குப் புதிதல்ல. நியூட்ரல் மட்டும் அறுந்தால் ஒரு ஃபேஸில் வோல்டேஜ் 400-ஐ நோக்கி ஏறி, டி.வி., ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரு நிமிஷத்தில் போகும். ஓவர் வோல்டேஜில் துண்டிக்கும் கருவியும், இடிக்கு சர்ஜ் அரெஸ்டரும் மெயினிலேயே இருக்கட்டும். சித்திரையின் கோடை இடி எத்தனை வீட்டு மோடத்தைத் தின்றிருக்கிறது என்று தெருவில் கேட்டுப் பாருங்கள்.

எஸ்டிமேட்டில் தெரியாத செலவுகள்

பாயிண்டுக்கு இவ்வளவு என்று வரும் கொட்டேஷனில் என்ன இல்லை என்று பாருங்கள். காடி மூடுவது, பெயிண்ட், இடிபாட்டை மூட்டை கட்டிப் படியேற்றிச் சாலைக்குக் கொண்டுவரும் கூலி, நடுத்தண்டுக் கேபிள், எர்த் குழி, லோடு கூட்டுவதற்கு ஈ.பி.யில் கட்டும் பணம். கீழிருந்து ஆள் வந்தால் தங்க இடம் தர வேண்டும், வெளியூர் வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறையும் இருக்கிறது. கன்சீல்டு வேலைகளில் பூச்சும் பெயிண்டும் சேர்ந்து வயரிங் கூலியைத் தாண்டியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வயரை நீங்களே ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கிக்கொடுங்கள். வேலையை உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள், முடிந்ததும் எல்லா சர்க்யூட்டுக்கும் மெக்கர் ரீடிங்கை எழுதி வாங்குங்கள்.

அந்த வீட்டில் என்ன ஆனது

சுவர்த் தாளோடு மூன்று பேரும் வீட்டைச் சுற்றி வந்தோம். கீழ்த்தளத்தில் பின்சுவரைத் தொட்டுப் பார்த்த தம்பி, "அண்ணே, இங்க வெளியவே ஓட்டிடுங்க" என்று அவராகவே என்னிடம் சொன்னார். நடுத்தளத்து இரண்டு குளியலறையிலும் சமையலறையிலும் வெட்டுவதற்குப் பெரியவர் சம்மதித்தார். அவை எல்லாம் பின்னால் கட்டிய செங்கல் சுவர், தாத்தா கைபட்டதில்லை. தை பிறந்ததும் வேலை தொடங்கி, சாமான் அறை மூலையில் நடுத்தண்டு ஏறியது. வேலைக்கு முன்பே தோண்டி, கார்த்திகையில் 4 ஓம் காட்டிய எர்த் குழி மாசியில் 11 காட்டியது. எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது குழி தோண்டினோம்.

கீழ்த்தளமும் நடுத்தளமும் பங்குனிக்குள் முடிந்தன. மேல்தளத்தில் பழைய வயரை அடியோடு துண்டித்தாயிற்று. சீசன் கழிந்து அங்கே ஏறுவதற்கான பைப், பின்னால் வயர் இழுக்க உள்ளே ஜி.ஐ. கம்பி விட்டு, இரண்டு முனையும் மூடித் தயாராக நிற்கிறது.